பந்து வருமுன்

90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையிலேயே உருண்டுகொண்டிருப்பது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுத்து வரும் நேரம், ஃப்ரீ கிக்குக்குச் சுவர் கட்டும் நேரம், அடிபட்டு விழுந்தவரைத் தூக்கி நிறுத்தும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். அதை 22 பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. முன்கள வீரருக்கு அதிலும் குறைவு. அவர் காலில் பந்து தங்குவது விநாடிக் கணக்கில்தான். மீதி நேரமெல்லாம் அவர் நடக்கிறார், நிற்கிறார், திரும்பிப் பார்க்கிறார், இரண்டு எட்டு வைத்துவிட்டு மறுபடி நிற்கிறார். பந்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா நிற்பதாகவே தெரியும். எனக்கோ அந்த நிற்றலைப் பார்ப்பதில்தான் ஆட்டத்தின் பாதி இன்பம்.

நாவலப்பிட்டியின் அப் கண்ட்ரி லயன்ஸ் கழகம் முன்கள வீரர் வசீம் ராசிக்கைச் சேர்த்துக்கொண்டது என்ற செய்தி எங்கள் பக்கம் வந்தபோது பையன்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஜேர்மனியைப் பற்றித்தான். அங்கே எத்தனை கோல் போட்டார், எந்தப் பெரிய கழகத்துக்கு எதிராக ஆடினார், என்ன சம்பளம் கொடுப்பார்கள் என்று லயத்து வாசலில் இருட்டும்வரை பேச்சு. எனக்கு வேறோர் ஆவல் இருந்தது. பல ஊர் மண்ணை மிதித்த கால் நம் மலையில் வந்து எப்படி நிற்கும்?

பதுளையில் இருந்துகொண்டு நாவலப்பிட்டிக் கழகத்தை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2021இல் இலங்கையின் சுப்பர் லீக் தொடங்கியபோது அதில் 10 கழகங்கள் இருந்தன. கொழும்புக் கழகங்கள், கரையோர ஊர்கள், முப்படைகள் என்று இடங்கள் நிரம்பிவிட, மலைநாட்டின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு இறங்கியது இந்த ஒன்றுதான். பதுளை இருக்கும் ஊவாவுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் பதுளையில் ஏறுகிற கோச்சி தெமோதரை வளையத்தைச் சுற்றி, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஏறி, 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிற பட்டிப்பொலையைத் தொட்டு, நானுஓயா, அட்டன் வழியாக இறங்கி நாவலப்பிட்டிக்குத்தான் போகிறது. ஒரே தண்டவாளம், இரு பக்கமும் ஒரே தேயிலை. எங்கள் பையன்கள் அந்தக் கழகத்தை "நம்ம டீம்" என்றே சொல்கிறார்கள். அது போதும்.

ராசிக் 1994இல் பேர்லினில் பிறந்தவர். யூனியன் பேர்லின், மக்டேபேர்க், எர்ஃபூர்ட் என்று மூன்று கழகங்களின் பெயர் அவர் பின்னால் வருகிறது. மூன்றும் பழைய கிழக்கு ஜேர்மனிப் பக்கத்துக் கழகங்கள். தொலைக்காட்சியில் ஜேர்மன் உதைபந்தாட்டம் என்றால் மூனிக்கையும் டோர்ட்மண்டையும் மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பெயர்கள் புதியவை. அவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு வீரரின் நடையில் அவர் நடந்த ஊர்களின் சாயல் இருக்கும் என்று நம்புகிறவன் நான்.

மக்டேபேர்க் ஒரு காலத்தில் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்த கழகம். 1974இல் ரொட்டர்டாமில் ஏசி மிலானை 2-0 என்று வென்று கிண்ண வெற்றியாளர்களுக்கான ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது. கிழக்கு ஜேர்மனிக் கழகங்களில் அப்படியொரு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது அது மட்டும்தான். பிறகு நாடே இல்லாமல் போனது, கழகமும் கீழே கீழே இறங்கியது. மூன்றாம் நிலை லீக்குக்கே 2015இல்தான் ஏறி வந்தது. அதாவது, ராசிக் சட்டை மாட்டியது பழைய பெருமையும் இன்றைய பசியும் ஒன்றாக இருந்த ஓர் அறையில். எர்ஃபூர்ட்டின் கதை இன்னும் கடினம். 2018இல் அந்தக் கழகம் கடனில் மூழ்கி நொடித்துப்போனது. கீழ்நிலை லீக் என்பது இதுதான்: அடுத்த பருவத்தில் சம்பளம் வருமா, சட்டையின் நிறம் இதே நிறமாக இருக்குமா என்று தெரியாமலே ஒவ்வொரு ஞாயிறும் ஓடுவது.

யூனியன் பேர்லினைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். 2008இலும் 2009இலும் அவர்களுடைய மைதானத்தைத் திருத்திக் கட்டக் காசு போதவில்லை. 2,000க்கு மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே வந்து சீமெந்து குழைத்து, கம்பி கட்டி, படிக்கட்டு அமைத்துக் கொடுத்தார்கள். லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், வேலையில்லாமல் இருந்தவர்கள், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். எங்கள் தோட்டத்துக் கிரவுண்டும் அப்படி வந்ததுதான். மலைச்சரிவில் மம்பட்டியால் மண் வெட்டி, ஒரு பக்கத்துக் கரையை இறக்கி, அந்த மண்ணையே மறு பக்கம் கொட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களும் அவர்களுடைய அப்பன்மாரும் சேர்ந்து மட்டம் எடுத்த கிரவுண்டு. அதற்கு முந்தி பெரட்டுக்களத்தில்தான் விளையாட்டு. காலையில் பெயர் கூப்பிடும் இடம், பின்னேரம் கோல் போடும் இடம். புதுக் கிரவுண்டிலும் ஒரு பக்கம் மண்கரை, மறு பக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் பந்து போனால் மூன்று நிரை தேயிலை தாண்டி உருளும் என்பதால் கீழே ஒரு சின்னப் பையனை நிறுத்தி வைப்பார்கள். அவனும் அணியில் ஒருவன்தான். சாப்பாட்டில் அவனுக்கும் சம பங்கு.

இப்படிப்பட்ட மைதானங்களில் வளர்ந்த கண்ணுக்குத்தான் பந்தின் முதல் தொடுகையின் அருமை தெரியும். நாவலப்பிட்டி மழை ஊர். அங்கே ஜயதிலக்க விளையாட்டரங்கில் புல் ஈரமாக இருக்கும் நாட்கள் அதிகம். ஈரப் புல்லில் தரையோடு வரும் பந்து வழுக்கி, எதிர்பார்த்ததைவிட வேகமாகக் காலுக்கு வரும். தண்ணீர் தேங்கிய இடத்திலோ நட்டுவைத்ததுபோல நின்றுவிடும். எங்கள் ஊவா பக்கம் நேர்மாறு. ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று அடிக்கிற காலம், ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனை ஏறுகிற காலம், எங்கள் கிரவுண்டு சீமெந்துத் தரையாக இறுகியிருக்கும். பந்து முழங்காலுக்கு மேல் துள்ளும். ஒரே கோச்சிப் பாதையின் இரண்டு முனைகளில் ஒரே பந்து இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

பல ஊர் சுற்றிய முன்கள வீரரின் முதல் தொடுகையில் இதெல்லாம் கணக்காகியிருக்கும். பந்து காலுக்கு வரும் கணத்தில் பாதத்தை அரை அங்குலம் பின்னுக்கு இழுப்பார். அந்த அரை அங்குலத்தில் பந்தின் வேகம் செத்து, அது அவருக்கு வேண்டிய பக்கமாக, வேண்டிய தூரத்தில் கிடக்கும். ஈரமென்றால் பாதம் இன்னும் மென்மையாக இறங்கும். இறுகிய தரையென்றால் பந்து துள்ளி எழுமுன் உள்ளங்காலால் அமர்த்துவார். புதிதாக ஆடுகிறவன் பந்தை நிறுத்துவான், பிறகு என்ன செய்வதென்று யோசிப்பான். தேர்ந்தவருக்கு நிறுத்துவதே அடுத்த வேலையின் பாதி. அவருடைய முதல் தொடுகை முடியும்போது இரண்டாவது தொடுகைக்கு இடம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும்.

ஆனால் அந்த இடத்தை அவர் எப்போது பார்த்தார்? இங்கேதான் நான் ஆட்டத்தின் நுணுக்கத்திலும் நுணுக்கம் என்று நினைப்பது இருக்கிறது. பந்து இன்னும் வேறொருவர் காலில் இருக்கும்போதே முன்கள வீரர் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்ப்பார். ஒரு விநாடிக்கும் குறைவு. பிறகு பந்தைப் பார்ப்பார். மறுபடியும் தோளுக்கு மேலாக. பின்கள வீரர் எத்தனை எட்டுத் தொலைவில், எந்தக் காலில் பாரம் வைத்து நிற்கிறார், கோல்காப்பாளர் கோட்டிலா முன்னாலா என்பதெல்லாம் அந்தச் சிறு பார்வையில் ஏறிவிடும். நோர்வே நாட்டு ஆய்வாளர் கெயர் ஜோர்டெட் இங்கிலாந்து லீக் வீரர்களின் தலை அசைவுகளைப் பதிவு செய்து எண்ணிப் பார்த்தார். அடிக்கடி திரும்பிப் பார்க்கிறவர்களின் அடுத்த பாஸ் சரியாகப் போய்ச் சேர்வதும் அதிகம் என்று கண்டார். அவர் எண்ணியவர்களில் ஃபிராங்க் லாம்பார்ட் முன்வரிசையில் இருந்தார். ஜேர்மனியில் சின்னப் பையன்களுக்கே இதைத் தனிப் பயிற்சியாகக் கொடுக்கிறார்கள்.

எங்கள் மலையில் இதை விளங்கிக்கொள்ள ஆய்வு தேவையில்லை. நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணைப் பாருங்கள். கை இந்தச் செடியில் இருக்கும், கண் அடுத்த செடியில் இருக்கும். எங்கே இரண்டு இலையும் மொட்டும் நிற்கிறது, எங்கே முற்றியது கிடக்கிறது என்று கண் பிரித்து வைத்துவிட்டுத்தான் கைக்குச் சொல்லும். கை போய்ச் சேரும்போது யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. கிலோக் கணக்கு சரியாக வருகிற பெண்ணுக்கும் குறைகிற பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கை வேகத்தில் கொஞ்சம்தான், கண்ணில் நிறைய. அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு முன்கள வீரரின் தலை அசைவைக் காட்டிக் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஓஃப்சைட் கோடு இன்னொரு அழகு. மைதானத்தில் அதைக் கீறி வைக்கவில்லை. கடைசிப் பின்கள வீரர் நகர நகர அதுவும் நகரும். 1990வரை அவருக்குச் சமமாக நின்றாலும் ஓஃப்சைட். அதற்குப் பிறகு சமமாக நிற்கலாம் என்று விதி மாறியது. மாறிய அந்த ஒரு தோள் அகலத்தில்தான் நல்ல முன்கள வீரர்கள் குடியிருக்கிறார்கள். பின்கள வீரரின் தோளும் தன் தோளும் ஒரே கோட்டில் இருக்க நடப்பார்கள். சில சமயம் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய், பின்கள வீரரின் கண்ணில் படாத இடத்தில் நிற்பார்கள். பாஸ் கொடுக்கிறவர் காலைத் தூக்கும்போது இரண்டு எட்டுப் பின்வாங்கிச் சமமாவார்கள். பந்து காலைவிட்டுக் கிளம்பியதும் மறுபடி முன்னால். பின்னால் வந்த அந்த இரண்டு எட்டை யாரும் கவனிப்பதில்லை. கோலுக்குக் கைதட்டுகிறவர்கள் அந்த இரண்டு எட்டுக்கும் சேர்த்துத் தட்டினால் நன்றாக இருக்கும்.

2021 ஜூன் மாதம். கொரோனாவால் நாடு முழுவதும் பயணத் தடை. தோட்டத்தில் வேலை நடந்தது, டவுனுக்குப் போக முடியாது. கொரியாவின் கொயாங் நகரத்தில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். ஜூன் 5ஆம் திகதி இலங்கைக்கும் லெபனானுக்கும். லயத்தில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி அந்த வரிசைக்காரர்கள் மட்டும் இருந்தோம். அதற்கு முந்தி அந்தச் சுற்றில் இலங்கை ஒரு கோல்கூடப் போட்டிருக்கவில்லை. 2019 ஒக்டோபரில் தென் கொரியா 8-0 என்று அடித்திருந்தது. அதில் நான்கு கோல் கிம் ஷின்-வூக் என்ற உயரமான முன்கள வீரருடையவை. உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் அப்பால் நின்ற அணி நாங்கள். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

10ஆவது நிமிடம். ராசிக் கோல் போட்டார். லயமே எழுந்து கத்தியது. கத்தி முடியுமுன்பே அடுத்த நிமிடம் லெபனான் சமப்படுத்திவிட்டது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது பக்கத்து வீட்டு மாமா சொன்னது. தோட்டத்து அணியில் ஒரு காலத்தில் லெஃப்ட் அவுட் ஆடியவர். பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, கோல அப்புறம் பாத்துக்கலாம். கொஞ்சம் பின்னுக்கு ஓட்டு. பந்து வர்றதுக்கு முந்தி அவரு எங்க நின்னாருன்னு பாக்கணும்."

"மாமா, ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கு."

"அது ஓடட்டும். நீ அந்த முந்தின நேரத்தப் போடு."

இடைவேளையில் அதை ஓட்டிக் காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி மறுபடி போடச் சொன்னார். கோல் விழும் இடம் வந்ததும் "போதும், நிறுத்து" என்பார். கோலை அவர் பார்க்கவே இல்லை. இரண்டாம் பாதியில் பெனால்டி ஒன்றையும் ராசிக் கோலாக்கினார். 3-2 என்று தோற்றோம். அந்தச் சுற்று முழுவதிலும் இலங்கை போட்ட கோல்கள் அந்த இரண்டு மட்டுமே. இரண்டும் நாவலப்பிட்டிக் கழகம் வெளிநாட்டிலிருந்து கூட்டிவந்த ஒருவர் காலிலிருந்து வந்தவை.

அந்த வருஷம் நவம்பரில் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் நான்கு நாடுகளின் போட்டி நடந்தது. மாலைதீவுகளோடு 4-4 என்று சமமாக முடிந்த ஆட்டத்தில் இலங்கையின் நான்கு கோலும் ராசிக்கினுடையவை. கொரியாவில் ஒருவர் நம் வலைக்குள் நான்கு அடித்ததைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்ட பையன்கள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு நம்முடைய ஒருவர் நான்கு அடித்ததையும் பார்த்தார்கள். பங்களாதேஷுடனான ஆட்டத்தில் 2-1 என்ற வெற்றி. இரண்டு கோலும் அவரே, இரண்டாவது கோல் ஆட்டம் முடிகிற தறுவாயில் ஒரு பெனால்டி. அதனால் இறுதிப் போட்டிக்குப் போனோம். அங்கே சீஷெல்ஸுடன் 3-3 என்று முடிந்து, பெனால்டியில் கிண்ணம் கைநழுவியது.

பெனால்டி எல்லோருக்கும் தெரிந்த அடி, யாரும் அடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். 11 மீற்றர் தூரம், 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம், நடுவில் ஒரே ஒரு மனிதர். கணக்கில் பார்த்தால் தவற வழியே இல்லை. ஆனால் அது முன்கள வீரரின் வழக்கமான வேலைக்கு நேர்மாறான வேலை. 90 நிமிடமும் ஓடிக்கொண்டே முடிவெடுத்தவர் இப்போது நின்று முடிவெடுக்க வேண்டும். யாரும் தொந்தரவு செய்வதில்லை, அதுதான் தொந்தரவு. பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்து, அதன் மேல் கையை ஒரு கணம் வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்து, மத்தியஸ்தரின் விசில் ஊதியதும் பாயாமல் ஒரு மூச்சு எடுத்துவிட்டு வருகிற வீரர்களை எனக்குப் பிடிக்கும். விசிலுக்கும் முதல் எட்டுக்கும் இடையில் இருக்கும் அந்த மூச்சில் அவர்கள் ஆடிய ஊர்கள் எல்லாம் இருக்கின்றன. ஆளில்லாத மைதானத்தில் அடித்த பெனால்டி, எதிரணி ரசிகர்கள் கொடியாட்டிக் கத்தும்போது அடித்தது, தவறவிட்டு வீட்டுக்குப் போன இரவு. ராசிக்குக்கு ஜூனில் வெளிநாட்டில் ஒன்று, நவம்பரில் சொந்த ரசிகர்கள் முன்னால் கடைசி நேரத்தில் ஒன்று. இரண்டாவதுதான் பாரமானது என்பது என் எண்ணம். தெரியாத கூட்டம் ஏசினால் தாங்கலாம், தெரிந்த கூட்டம் நம்பிக்கொண்டு வாய்மூடி நிற்பது கனம்.

வெளிநாட்டிலிருந்து ஒரு வீரர் கழகம் மாறி வருவதன் பத்திர வேலையிலும் ஓர் அழகு இருக்கிறது. பழைய நாட்டுச் சம்மேளனத்திலிருந்து சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வர வேண்டும். அதோடு வீரர் கடவுச்சீட்டு என்று ஒன்று உண்டு. குடிவரவு அதிகாரி முத்திரை குத்துகிற புத்தகம் வேறு, இது வேறு. 12 வயது ஆன வருஷத்திலிருந்து அந்தப் பையன் எந்தெந்தக் கழகத்தில் பதிந்து ஆடினான் என்ற வரிசை இதில் இருக்கும். பின்னாளில் பெரிய கழகம் ஒன்று காசு கொடுத்து அவனை வாங்கினால், சிறுவயதில் பயிற்றுவித்த கழகத்துக்கும் பங்கு போய்ச் சேரத்தான் அந்த ஏற்பாடு. பள்ளத்துப் பக்கம் பந்து பொறுக்க நின்ற வயதில் அவனைச் சேர்த்துக்கொண்ட சின்னக் கழகத்தின் பெயரும் அழியாமல் ஏட்டில் நிற்கும். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

பத்திரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு நினைவுகளும் வரும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இந்த மலையில் உழைத்தவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சியவர்களின் கணக்கு 2003இல் வந்த சட்டம்வரை இழுபட்டது. இந்தியாவுக்கு எழுதப்பட்டவர்கள் இந்த மலைக்கோச்சியில் இறங்கி, தலைமன்னார் போய், கப்பல் ஏறினார்கள். மாமாவின் அணியில் சென்டர் ஃபார்வட் ஆடியவரும் அப்படிப் போனவர்தான்.

"அவரு போனப்புறம் நாலு வருசம் எங்களுக்கு ஃபார்வட் இல்ல. நான்தான் நடுவுல நின்னேன். எனக்கு அந்த எடம் வரல" என்றார் மாமா. "அவரு நிக்கிறது வேற மாதிரி இருக்கும் தம்பி. பந்து போடுறவனுக்கே எங்க போடணும்னு அவரு நிக்கிறதப் பாத்தாத் தெரியும்."

அந்தத் தண்டவாளத்தில் போனவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும். நன்றாக ஆடுகிறவன், நன்றாகப் படிக்கிறவன், நன்றாகப் பாடுகிறவன் எல்லோரும் இந்தியாவுக்கும் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். ஒருவர் ஜேர்மனியில் ஆடிவிட்டு இந்தப் பாதையில் இருக்கிற ஓர் ஊரின் சட்டையைப் போட்டுக்கொண்டார் என்பதை மாமாவைப் போன்றவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பேர்லினில் பிறந்த ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டோடு கோல் போட்டதில் அவர்களுக்குத் துளி பொறாமையும் இல்லை. மாறாக, எல்லோரையும்விட அவர்கள்தான் கூர்ந்து பார்த்தார்கள். பத்திரத்தின் அருமை தெரிந்தவர்கள், ஆள் வந்து சேர்வதன் அருமையும் தெரிந்தவர்கள்.

வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுவருவதால் நம் பையன்களின் இடம் போகிறது என்று ஒரு வாதம் எப்போதும் இருக்கிறது. நைஜீரியா, கானா வீரர்கள் கொழும்புக் கழகங்களுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மாதம் வந்து ஆடிவிட்டு, ஒருவரிடமும் பேசாமல் போகிற வீரரால் கழகத்துக்குப் புள்ளிதான் கிடைக்கும். ஆனால் நல்ல முன்கள வீரர் ஒருவர் கூட நின்று ஆடும்போது பாஸ் கொடுக்கிற பையன் மாறுகிறான். தன் பாஸ் அரை எட்டுப் பிந்தினால் அந்த ஓட்டம் வீணாகும் என்று அவனுக்குத் தெரிகிறது. ஓடுகிறவரின் எந்தக் காலுக்குப் போட வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குகிறான். எந்தப் பயிற்சியாளரும் கரும்பலகையில் எழுதிக் காட்டி வரவழைக்க முடியாத மாற்றம் அது. ஊவாவிலும் அப்படி ஒருவர் வந்து ஒரு பருவம் ஆடினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் நமுனுகுல மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஹாலிஎல, பசறை, லுணுகலைத் தோட்டத்துப் பையன்கள் ஆறேழு பேர் சேர்ந்த ஓர் அணியில், பல ஊர் பார்த்த ஒரு முன்கள வீரர். அதற்குப் பெரிய காசு வேண்டாம். லீக்கில் இடம் வேண்டும், மைதானத்துக்கு ஒழுங்காகப் புல் வெட்ட ஆள் வேண்டும், பையன்களின் பஸ் காசுக்கு ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

இதற்கிடையில் மாமா தன் பாட்டில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறார். பின்னேரம் கிரவுண்டில் பையன்கள் பாஸ் பழகும்போது அவர் வாங்குகிறவன் முதுகுப் பக்கம் போய் நிற்கிறார். பந்து கிளம்புமுன் கையைத் தூக்கிச் சில விரல்களைக் காட்டுவார். பையன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுத்தான் பந்தை வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்கினால், எவ்வளவு அழகாக வாங்கினாலும் பந்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பந்து காலுக்கடியில் புகுந்து பள்ளத்துக்கு ஓடியது, கீழே நின்ற சின்னவனுக்கு ஓயாத வேலை. இப்போது நான்கைந்து பேருக்குப் பழகிவிட்டது. அவர்களில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒருவன் விரலைச் சொல்வதோடு, "மாமா, நீங்க இடது காலுல நிக்கிறீங்க" என்றும் சொல்கிறான். பாடசாலை அணியில் அவனை இன்னும் பின்களத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு நடக்கிற தோட்டப் போட்டியில் அவனை முன்னால் போடப்போவதாக மாமா சொல்லியிருக்கிறார்.